டூலா வேலையில் இறங்குபவர்களுக்கு: பொறுப்புக் காப்பீடு எடுப்பது எப்படி

டூலா என்றால் பிரசவத்துக்கு முன்னும் பின்னும், பிரசவ அறையிலும் தாய்க்குத் துணை நிற்பவர். அந்தப் பயிற்சி முடித்த கையோடு எல்லோரும் யோசிப்பது என்ன கட்டணம் வாங்கலாம், விசிட்டிங் கார்டில் என்ன போடலாம் என்பதைத்தான். பொறுப்புக் காப்பீடு, அதாவது நம் வேலையால் தீங்கு நேர்ந்தது என்று யாராவது புகார் செய்தால் அந்தச் செலவை ஏற்கும் காப்பீடு, நினைவுக்கு வருவது, ஏதாவது ஒரு மருத்துவமனையில் "இன்சூரன்ஸ் சான்றிதழ் இருக்கிறதா, காட்டுங்கள்" என்று கேட்கும்போதுதான். எனக்கும் அப்படித்தான் ஆனது. பிரசவத் தேதிக்கு நாலு நாள்தான் இருந்தது, கையில் ஒன்றும் இல்லை, கிடைத்த ஏஜென்ட்டிடம் கிடைத்த பாலிசியை வாங்கிவிட்டேன். ஏழு மாதம் கழித்து ஒரு ராத்திரி சாவகாசமாக அதைப் படித்துப் பார்த்தால், என் தொழில் 'மசாஜ் செய்பவர்' என்று இருக்கிறது. பிரசவம் என்ற சொல்லே அந்தப் பாலிசியில் எங்கும் இல்லை. அதற்குள் 9 பிரசவங்களுக்குப் போய் வந்துவிட்டேன்.

ஏஜென்ட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. டூலா என்றால் யார் என்று அவருக்குத் தெரியவில்லை, "கையால் ஏதாவது செய்வீர்களா" என்று கேட்டார், "இடுப்பு வலிக்கு அழுத்திவிடுவேன்" என்றேன், அவர் எழுதிக்கொண்டார். அன்றைக்குப் புரிந்தது இதுதான்: டூலா என்ற பட்டத்துக்கு யாரும் காப்பீடு தருவதில்லை. நான் இன்னின்ன செய்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிறீர்களே, அந்த வேலைக்குத்தான் தருகிறார்கள். கீழே சொல்வதெல்லாம் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

நம் மேல் யார் கேஸ் போடப்போகிறார்கள்?

டூலா ஊசி போடுவதில்லை, மருந்து எழுதுவதில்லை, குழந்தையை வெளியே எடுப்பதும் இல்லை. அப்புறம் எதற்கு இது என்று புதியவர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் நம் வேலையில் பாதி பேச்சு. வலி எடுத்த பெண் நள்ளிரவில் கூப்பிட்டு "இப்போதே கிளம்பட்டுமா" என்கிறாள். "இன்னும் கொஞ்ச நேரம் வீட்டில் இருந்து பார்க்கலாமே" என்று நாம் தூக்கக் கலக்கத்தில் சொன்ன ஒரு வாக்கியம், பிரசவத்தில் ஏதாவது தப்பாகிப் போனால், இரண்டு வருடம் கழித்து வக்கீல் நோட்டீஸில் வந்து நிற்கும். சொல்லவே இல்லை என்றாலும் சொன்னதாக வந்து நிற்கலாம். குழந்தைக்குப் பாதிப்பு என்று வழக்குப் போகும்போது, யார் பொறுப்பு என்பது பிறகு தெரியட்டும் என்று அறையில் இருந்த எல்லோர் பெயரையும் சேர்த்துவிடுவதும் உண்டு. அப்படிச் சேர்த்துவிட்டால், நம் மேல் தவறே இல்லை என்று காட்டுவதற்கும் ஒரு வக்கீல் வேண்டும், அவருக்குப் பணம் வேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் காப்பீட்டின் பெரிய பயனே அந்த வக்கீல் செலவுதான், நஷ்டஈடெல்லாம் அதற்கு அப்புறம்.

"தாயிடம் 'உங்கள் மேல் வழக்குப் போட மாட்டேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டால் போதாதா" என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. கவனக்குறைவால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் அந்தப் பொறுப்பை ஒப்பந்தத்தால் கழற்றிவிட முடியாது என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. பிரிட்டனில் 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதை நேராகவே சொன்னது, நுகர்வோரோடு போடும் ஒப்பந்தங்களுக்கு இப்போது 2015ஆம் ஆண்டுச் சட்டம் அதையே சொல்கிறது. அதுவும் போக, தாய் கையெழுத்துப் போட்டால் அது அவளோடு போயிற்று, இன்னும் பிறக்காத குழந்தையின் உரிமையை யார் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது?

முதல் படி: போனை எடுக்காதீர்கள், தாளை எடுங்கள்

யாரிடமும் விலை கேட்பதற்கு முன்னால், ஒரு தாய் உங்களைத் தேடி வந்த நாளிலிருந்து கடைசிச் சந்திப்புவரை நீங்கள் செய்வது ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை எழுதாதீர்கள், உண்மையில் செய்வதை எழுதுங்கள். பிரசவத்துக்கு முன் எத்தனை முறை சந்திப்பீர்கள், எங்கே. பிரசவ அறையில் கை வைத்துச் செய்வது என்ன. வாசனை எண்ணெய் பயன்படுத்துவீர்களா. குழந்தை பிறந்த பிறகு வீட்டுக்குப் போய், பிள்ளையை நீங்கள் வைத்துக்கொண்டு தாயைத் தூங்கவிடுவீர்களா, இரவு தங்குவீர்களா. தாய்ப்பால் கொடுக்க உதவுவீர்களா. வகுப்பு எடுப்பீர்களா, யோகா சொல்லித் தருவீர்களா. அவசரத்துக்குத் தாயை உங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போவீர்களா. வேறு நாட்டில் இருப்பவருக்கு வீடியோ அழைப்பில் ஆலோசனை சொல்வீர்களா. நீங்கள் போக முடியாதபோது பதிலுக்கு இன்னொரு டூலா போவாரா. இதில் ஒவ்வொரு வரியும் காப்பீட்டில் ஒரு தனிக் கேள்வி. மருத்துவமனைப் பிரசவத்துக்கு ஒத்துக்கொள்ளும் பாலிசி வீட்டுப் பிரசவத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தகுதியுள்ள மருத்துவச்சியோ மருத்துவரோ இல்லாமல் நடக்கும் பிரசவம் என்றால் எந்த நிறுவனமும் கிட்டே வருவது சந்தேகம்தான். காரில் ஏற்றிப் போவது பெரும்பாலும் இந்தப் பாலிசிக்குள் வராது, அது வாகனக் காப்பீட்டின் பாடு, அங்கேயும் தொழிலுக்காக ஓட்டுவதை ஒத்துக்கொள்கிறார்களா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அதே தாளின் மறுபக்கத்தில் செய்யவே மாட்டேன் என்பதை எழுதுங்கள். இதற்கு நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. 1992இல் தொடங்கிய டோனா இன்டர்நேஷனல் என்ற டூலாக்கள் அமைப்பின் நடைமுறை விதிகளில், ரத்த அழுத்தம் பார்ப்பது, காய்ச்சல் பார்ப்பது, கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பரிசோதிப்பது, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பது இதெல்லாம் டூலாவின் வேலை கிடையாது என்று வெளிப்படையாக இருக்கிறது. தாய்க்காக முடிவெடுப்பதும் கிடையாது. நீங்கள் அந்த அமைப்பில் சேராவிட்டாலும் இந்தக் கோட்டை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காப்பீட்டு நிறுவனங்களும் கிட்டத்தட்ட இங்கேதான் கோடு போடுகின்றன: மருத்துவச் செயல் என்று வந்துவிட்டால் டூலா பாலிசி விலகிக்கொள்ளும்.

நர்ஸாக இருந்துவிட்டு டூலாவானவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கையில் பழக்கம் இருக்கிறது, பையில் பிபி மெஷின் இருக்கிறது, தாயும் கெஞ்சுகிறாள், ஒரு தடவை பார்த்தால் என்ன என்று தோன்றும். பார்த்த நிமிடத்தில் நீங்கள் டூலா பாலிசிக்கு வெளியே போய்விட்டீர்கள், மருத்துவமனை வேலைக்கென்று எடுத்த பழைய நர்ஸ் காப்பீடு இருந்தாலும் அது இங்கே வந்து உதவப்போவதில்லை. மெஷினை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

நஞ்சுக்கொடியைக் காய வைத்துப் பொடித்து கேப்ஸ்யூல் செய்து தரும் டூலாக்கள் இருக்கிறார்கள். செய்பவர் என்றால் அதைத் தனியாகச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்காமல் ஓர் அடி எடுத்து வைக்காதீர்கள். 2016இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்தது, சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு மறுபடியும் வந்தது. தாய் சாப்பிட்டுக்கொண்டிருந்த நஞ்சுக்கொடி கேப்ஸ்யூலைச் சோதித்தபோது அதிலும் அந்தக் கிருமி இருந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017 ஜூனில் இதை அறிக்கையாகவே வெளியிட்டது. காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணில் இது பேச்சுத் துணையோ முதுகு தடவுவதோ இல்லை, உட்கொள்ளும் பொருள் ஒன்றைத் தயாரித்துக் கொடுப்பது. டூலா பாலிசிகள் பல இதை விலக்கி வைப்பதில் ஆச்சரியம் இல்லை.

என்ன பெயரில் கேட்பது

இரண்டு வகை இருக்கிறது, பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் குழம்பும். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு என்பது உங்கள் சொல்லாலும் வேலையாலும் தீங்கு நேர்ந்தது என்ற புகாருக்கு. பொதுப் பொறுப்புக் காப்பீடு என்பது உங்கள் வகுப்புக்கு வந்தவர் பாயில் தடுக்கி விழுந்தார், நீங்கள் போன வீட்டில் கண்ணாடி மேஜையை உடைத்துவிட்டீர்கள் என்பது போன்ற விபத்துகளுக்கு. டூலாவுக்கு முதலாவது முக்கியம், ஆனால் பல நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்தே தரும். "லயபிலிட்டி இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று சொல்லி இரண்டாவதை மட்டும் தலையில் கட்டிவிடுவார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது

முதலில் உங்களுக்குப் பயிற்சி தந்த அமைப்பையோ நீங்கள் சேர்ந்திருக்கும் சங்கத்தையோ கேளுங்கள். குழுவாக எடுத்த பாலிசி இருந்தால் மலிவாக இருக்கும், டூலா என்றால் யார் என்று மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டியதும் இல்லை. ஆனால் குழுப் பாலிசியில் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: சந்தா கட்ட மறந்தால் காப்பீடும் அன்றே போய்விடுமா, காப்பீட்டு வரம்பு எனக்கென்று தனியாகவா அல்லது எல்லா உறுப்பினர்களுக்கும் சேர்த்து ஒன்றா, அந்தச் சங்கத்தின் பாடத்திட்டத்தில் இல்லாத வேலையைச் செய்தால் என்ன ஆகும்.

சங்கம் இல்லை என்றால் புரோக்கர். ஏஜென்ட் நிறுவனத்தின் ஆள், புரோக்கர் உங்கள் சார்பாகப் பல நிறுவனங்களிடம் பேசுபவர். டூலா என்ற தலைப்பு அவர்கள் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம், மாற்றுச் சிகிச்சையாளர்கள், மருத்துவம் சார்ந்த பிற தொழில்கள் என்ற தலைப்பின் கீழ் தேட வேண்டியிருக்கும். அதில் தப்பில்லை, நீங்கள் எழுதிய தாளை இணைத்துக் கொடுத்து, "இந்த வேலைகள் எல்லாம் உள்ளே வருகின்றனவா" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்க வேண்டும், அவ்வளவுதான். போனில் "அதெல்லாம் வரும் மேடம்" என்று சொன்னது எந்தக் கோர்ட்டிலும் எடுபடாது.

படிவத்தில் மறைக்காதீர்கள்

இது சின்னப் படிதான், ஆனால் இங்கே சறுக்கினால் பாலிசியே செல்லாமல் போகலாம். காப்பீட்டுக்கு வருகிறவருக்குத்தான் தன் விஷயம் எல்லாம் தெரியும், நிறுவனம் அவர் சொல்வதை நம்பித்தான் கணக்குப் போடுகிறது, ஆகவே முக்கியமானதை மறைக்கக் கூடாது என்று லண்டனில் மேன்ஸ்ஃபீல்ட் பிரபு 1766இலேயே தீர்ப்பில் எழுதிவைத்தார். விதிகள் நாட்டுக்கு நாடு மாறியிருந்தாலும் அந்த எண்ணம் மாறவில்லை. முன்பு ஏதாவது புகார் வந்ததா, வரக்கூடும் என்று தோன்றும் சம்பவம் ஏதாவது உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். ஒரு குடும்பம் கோபத்தோடு பிரிந்து போயிருந்தால் அதையும் எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், பரவாயில்லை. இன்னும் சான்றிதழ் வராத பயிற்சிக் காலத்தில் இருந்தால் அதையும் சொல்லுங்கள், பயிற்சியில் இருப்பவர்களுக்கென்று தனி விகிதம் வைத்திருப்பவர்கள் உண்டு.

பாலிசி வந்ததும் எதைப் படிப்பது

முழுதும் படிக்க வேண்டும், ஆனால் யாரும் படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். சரி, குறைந்தது இதையாவது. முதல் பக்கத்தில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள் (நான் ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்று கேட்க மாட்டீர்கள்). அடுத்து விலக்குகள் என்ற பகுதி, அதை உங்கள் தாளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அடுத்து வரம்பு: இரண்டு எண்கள் இருக்கும், ஒன்று ஒரு புகாருக்கு அதிகபட்சம், இன்னொன்று வருடம் முழுவதற்கும் சேர்த்து அதிகபட்சம். வக்கீல் செலவு அந்த வரம்புக்குள்ளிருந்து கழிகிறதா, அதற்கு மேலே தனியாகத் தருகிறார்களா என்று பாருங்கள். உள்ளிருந்து கழிகிறது என்றால் வழக்கு இழுக்க இழுக்க நஷ்டஈட்டுக்கு மிச்சம் இருக்கும் தொகை கரைந்துகொண்டே போகும். முதல் பங்கு எவ்வளவு உங்கள் கையிலிருந்து போக வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும். எந்த நாட்டில் நடந்த வேலைக்கு, எந்த நாட்டு நீதிமன்றத்துக்குச் செல்லும் என்று ஒரு வரி இருக்கும், வீடியோ அழைப்பில் வேலை செய்பவர்களுக்கு அதுதான் உயிர்.

இப்போது நேரம் எடுத்துப் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. பாலிசிகளில் ஆக்கரன்ஸ் என்றும் கிளெய்ம்ஸ் மேட் என்றும் இரண்டு ஜாதி. ஆக்கரன்ஸ் வகையில், சம்பவம் நடந்த நாளில் பாலிசி இருந்தால் போதும், புகார் எந்த வருடம் வந்தாலும் அந்தப் பழைய பாலிசி பேசும். கிளெய்ம்ஸ் மேட் வகையில், புகார் உங்கள் கைக்கு வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும், கூடவே சம்பவம் பாலிசியில் போட்டிருக்கும் ரெட்ரோஆக்டிவ் தேதிக்குப் பிறகு நடந்ததாக இருக்க வேண்டும். 2025இல் ஒரு பிரசவத்துக்குப் போகிறீர்கள், 2027இல் வேலையை விட்டுப் பாலிசியையும் விடுகிறீர்கள், 2029இல் நோட்டீஸ் வருகிறது என்று வையுங்கள். முதல் வகையில் காப்பு உண்டு, இரண்டாவதில் இல்லை.

மற்றத் தொழில்களில் இந்த வித்தியாசம் ஓரளவு பெரிது, நம்முடையதில் மிகப் பெரிது, காரணம் குழந்தை. பெரியவர் வழக்குப் போடச் சட்டம் சில வருடங்கள்தான் தரும், ஆனால் குழந்தைக்குப் பல நாடுகளில் அந்தக் கெடு மேஜரான பிறகுதான் ஓடத் தொடங்கும். இங்கிலாந்தில் 18 வயதுக்குப் பிறகு 3 வருடம், அதாவது இன்று பிறக்கும் குழந்தை 21 வயதுவரை வழக்குப் போடலாம். ஆகவே கிடைத்தால் ஆக்கரன்ஸ் வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடினாலும். கிளெய்ம்ஸ் மேட்தான் கிடைக்கிறது என்றால் அதுவும் மோசமில்லை, ஆனால் ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் புதுப்பிக்க வேண்டும், நிறுவனம் மாறும்போது பழைய ரெட்ரோஆக்டிவ் தேதியையே புதியவர் தருகிறாரா என்று எழுத்தில் வாங்க வேண்டும். நான் மசாஜ் பாலிசியை விட்டுச் சரியான பாலிசி எடுத்தபோது, அதன் தேதி அதன் முதல் நாளிலிருந்துதான் தொடங்கியது. முன்னால் போன அந்த 9 பிரசவங்களும் இன்றுவரை எந்தப் பாலிசிக்குள்ளும் இல்லை.

பணம் கட்டியதும் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், மருத்துவமனை கேட்பது அதைத்தான். சில இடங்களில் தங்கள் பெயரையும் உங்கள் பாலிசியில் கூடுதலாகச் சேர்க்கச் சொல்வார்கள், நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் செய்து தருவார்கள்.

பாலிசிக்கும் ஒப்பந்தத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஒரே வாய்

தாயோடு நீங்கள் போடும் ஒப்பந்தத்தில், அந்தத் தாளின் இரண்டு பக்கமும் அப்படியே வர வேண்டும்: செய்வது இது, செய்யாதது இது. பாலிசியில் ஒன்று, ஒப்பந்தத்தில் ஒன்று, இணையப் பக்கத்தில் "சுகப்பிரசவம் உறுதி" என்று இன்னொன்று இருந்தால், எதிர்த் தரப்பு வக்கீலுக்கு வேலை மிச்சம். அந்த மாதிரி உறுதியெல்லாம் இன்றே எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் தேதி, நேரம் போட்டு நாலு வரி எழுதி வையுங்கள். நடந்ததை மட்டும், "டாக்டர் அவசரப்படுத்தினார் என்று தோன்றியது" மாதிரி அபிப்பிராயம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் "குழந்தை அசைவு குறைந்த மாதிரி இருக்கு, பரவாயில்லையா" என்று கேள்வி வந்தால், பதில் ஒன்றே ஒன்றுதான்: இப்போதே மருத்துவமனைக்குக் கூப்பிடுங்கள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத்தான் மனசு வரும். மருத்துவமனையைக் கூப்பிட்ட பிறகு ஆறுதல் சொல்லலாம். உங்களுக்குப் பதிலாகப் போகும் டூலாவுக்கும் அவருடைய சொந்தப் பாலிசி இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழின் நகலை வாங்கி வையுங்கள், உங்களுடையது அவரைக் காக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஏதாவது நடந்துவிட்டால்

நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். பிரசவம் மோசமாக முடிந்தது, குடும்பம் உங்கள் குறிப்புகளைக் கேட்கிறது, மருத்துவமனை விசாரணை என்று கூப்பிடுகிறது, இதில் எது நடந்தாலும் அன்றே நிறுவனத்துக்குத் தெரியப்படுத்துங்கள். தாமதமாகச் சொன்னதைக் காரணம் காட்டியே கைவிட முடியும். அந்தத் தாயிடம் வருத்தம் சொல்லலாம், பக்கத்தில் உட்காரலாம், அதை யாரும் தடுக்கவில்லை, ஆனால் "என் தவறுதான்" என்றோ "செலவை நான் தருகிறேன்" என்றோ நிறுவனத்தைக் கேட்காமல் சொல்லவோ எழுதவோ கூடாது, பெரும்பாலான பாலிசிகளில் அதற்கென்றே ஒரு நிபந்தனை இருக்கும். மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், பழைய குறிப்பைத் திருத்தாதீர்கள். விட்டுப்போன விஷயம் நினைவுக்கு வந்தால் இன்றைய தேதி போட்டுத் தனியாக எழுதுங்கள். டூலாக்கள் குழுவில் போய்ப் புலம்புவதும் அந்த வாரம் வேண்டாம்.

வேலையை விடும்போது

கிளெய்ம்ஸ் மேட் பாலிசி வைத்திருப்பவர்கள் வேலையை நிறுத்தும்போது டெயில் கவர் என்று ஒன்றைக் கேளுங்கள். பாலிசி முடிந்த பிறகு வரும் புகார்களையும் இத்தனை வருடம்வரை ஏற்றுக்கொள்வதற்கான தனித் தொகை அது, ஒரே தடவை கட்டுவது. கேட்பதற்குக் கெடு குறைவாக இருக்கும், ஆகவே நிறுத்துவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஆக்கரன்ஸ்காரர்களுக்கு இந்தச் செலவு இல்லை, ஆனால் பழைய பாலிசிகள் ஒன்றுவிடாமல் பத்திரமாக இருக்க வேண்டும், இருபது வருடம் கழித்து அந்த நிறுவனம் பெயர் மாறி வேறொருவர் கைக்குப் போயிருந்தாலும் பாலிசி எண் இருந்தால் பிடித்துவிடலாம். நான் வருடத்துக்கு ஓர் உறையாகப் போட்டு, அந்த வருடத்துத் தாய்மாரின் ஒப்பந்தம், குறிப்புகள் எல்லாவற்றையும் அதிலேயே சேர்த்து வைக்கிறேன். அந்த மசாஜ் பாலிசியும் முதல் உறையில் இருக்கிறது, 9 பேரின் குறிப்புகளோடு. அதில் மூத்த பிள்ளைக்கு இப்போது 11 வயது.